ஒரு முற்றுப்புள்ளியில் நின்றுபோன டம்ப்

பாபநாசம் வட்டாரத்தில் ஓர் அரிசி ஆலை. எடைமேடை, கொள்முதல் கணக்கு, கிடங்கு இருப்பு எல்லாம் ஒரே லினக்ஸ் சர்வரில் ஓடுகின்றன. நினைவகம் 32 ஜிபி. சிஸ்டத்துக்கு ஒரு சிறிய எஸ்எஸ்டி, காப்புக்கு 1 டிபி வட்டு. தை பிறந்து சம்பா அறுவடை மும்முரமாக இருந்த நாட்களில் இந்தச் சர்வர் மூன்று வாரத்தில் நான்கு முறை விழுந்தது. விழுந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஏன் விழுந்தது என்று சொல்லும் சாட்சி ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. அந்தச் சாட்சியைப் பிடித்து வைக்கத்தான், விழும் கணத்தில் நினைவகத்தை டம்ப் என்ற கோப்பாக எடுத்து வைக்கும் கேடம்ப் ஏற்பாட்டைப் போட்டிருந்தோம்.

இங்கே நான் எழுதப்போவது பெரும்பாலும் அந்தச் சாட்சி ஏன் வரவில்லை என்பதைப் பற்றி. சர்வர் விழுந்த காரணம், சாட்சி கிடைத்தபின் அரை நாளில் தெரிந்துவிட்டது. கட்டளைகளும் கோப்புச் சொற்களும் கணினியில் ஆங்கில எழுத்தில் இருப்பவை. இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன்.

விதைநெல்

கேடம்ப் தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். லினக்ஸின் மையமான கெர்னல், மீள முடியாத பிழையில் சிக்கிப் பேனிக் ஆகிவிட்டால் அதன் வட்டு டிரைவர், ஃபைல் சிஸ்டம் எதையும் நம்ப முடியாது. கெட்டுப்போனவனையே தன் வாக்குமூலத்தை எழுதச் சொன்னால், எழுதும் கை நல்ல தரவையும் அழித்துவிடலாம். அதனால் சர்வர் பூட் ஆகும்போதே கொஞ்சம் நினைவகத்தை விதைநெல்போலத் தனியே ஒதுக்கி, அதில் இரண்டாவது கெர்னல் ஒன்றை ஏற்றி வைத்துவிடுகிறோம். பட்டினி கிடந்தாலும் விதைநெல்லில் கை வைக்கமாட்டார்கள் அல்லவா, அதுபோல முதல் கெர்னல் அந்த இடத்தைத் தொடாது. பேனிக் வந்த கணத்தில், பயாஸ் பக்கமே போகாமல், கெக்ஸெக் என்ற வழியில் கட்டுப்பாடு இரண்டாவது கெர்னலுக்குத் தாவும். செத்துப்போன கெர்னலின் நினைவகம் முழுவதும் அதற்கு விஎம்கோர் என்ற ஒரே கோப்பாகத் தெரியும். அதை வட்டில் எழுதிவிட்டு மறுதொடக்கம் செய்ய வேண்டியதுதான் பாக்கி.

கெக்ஸெக்கும் கேடம்பும் 2005-இல் வந்த 2.6.13 கெர்னலில் சேர்ந்தவை. பூட் வரியில் க்ராஷ்கெர்னல் என்று எழுதித்தான் இடத்தை ஒதுக்குகிறோம். எங்கள் சர்வரில் அது 192 எம்பி. இவ்வளவு சிறிய இடத்தில் ஓடும் கெர்னல் 32 ஜிபியையும் அப்படியே கொட்டினால் வட்டில் இடமும் வீண், நேரமும் வீண். அதற்காக மேக்டம்ப்ஃபைல் என்ற கருவி நடுவில் உட்கார்ந்து பதர் தூற்றும். நினைவகத்தைக் கெர்னல் பக்கங்கள் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்துக் கையாளும். அவற்றில் எதைத் தூற்றுவது என்பதை ஓர் எண்ணால் சொல்கிறோம். வெறும் பூஜ்யமாக இருக்கும் பக்கங்களுக்கு 1, கேஷ் பக்கங்களுக்கு 2, தனிப்பட்ட கேஷுக்கு 4, பயனர் நிரல்களின் தரவுக்கு 8, யாரும் பயன்படுத்தாத காலிப் பக்கங்களுக்கு 16. எல்லாவற்றையும் கூட்டினால் 31. ஆக, டம்ப் நிலை 31 என்றால் கெர்னலின் சொந்தத் தரவு மட்டும் மிஞ்சும். இந்த 31 பின்னால் மறுபடி வரும்.

எங்கே எழுதுவது, எப்படித் தூற்றுவது என்பதெல்லாம் கேடம்ப்.கான்ஃப் என்ற சிறிய கோப்பில் இருக்கும். வரிக்கு ஒரு சொல், அதன் பக்கத்தில் அதன் மதிப்பு. வழக்கமாக அதைப் படிப்பது லினக்ஸ் விநியோகத்தோடு வரும் ஷெல் ஸ்கிரிப்ட். எங்கள் சர்வரில் அப்படி இல்லை. எங்களுக்கு முன்பு இந்த ஆலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த வேலைக்குத் தானே சி மொழியில் ஒரு சிறு கருவி எழுதி வைத்திருந்தார். வழக்கமான கேடம்பில் இலக்கு ஒன்றுதான். அது தவறினால் சிஸ்டம் இருக்கும் ரூட் வட்டில் எழுது, அல்லது மறுதொடக்கம் செய், அல்லது நிறுத்து என்ற அளவில்தான் தெரிவுகள். ஆலைக்காரர்களுக்கோ முதலில் காப்பு வட்டு, அது முடியாவிட்டால் நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினி என்று இரண்டு இலக்கு வேண்டியிருந்தது. காரணம் நியாயமானதுதான். நானூறு வரிகூட வராத நிரல், எழுதியவர் நல்ல கைகாரர். ஒரே ஓர் இடம்தான் சறுக்கியது.

இரவு ஒன்பது மணி

முதல் இரண்டு முறை விழுந்ததை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மின்சாரத்தின் மேல் பழியைப் போட்டோம். டெல்டாவில் அந்தப் பழி எப்போதும் செல்லுபடியாகும். மூன்றாம் முறை யுபிஎஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. இரவு ஒன்பது மணிக்குக் கணக்குப்பிள்ளையிடமிருந்து போன்.

“தம்பி, மறுபடியும் அந்தக் கறுப்புத் திரை. அப்புறம் தானா எழுந்திரிச்சிட்டுது. ஆனா எடை ஏறமாட்டேங்குது. வெளியில பதினோரு லாரி நிக்கிது.”

கும்பகோணத்திலிருந்து வண்டியில் போய்ச் சேர்வதற்குள் என்னோடு வேலை பார்க்கும் தம்பி தொலைவிலிருந்தே நுழைந்து சரிசெய்துவிட்டான். என்ன செய்தாய் என்றேன்.

“ரூட் டிஸ்க் ஃபுல் அண்ணே. வர்-க்ராஷ்ல பெருசா ஒரு ஃபைல் அடைச்சிக்கிட்டு கெடந்துச்சு. தூக்கிட்டேன். எடை ஓடுது.”

“ஒவ்வொரு தடவையும் அப்படித்தானா?”

“ஆமாண்ணே. மூணு தடவையும்.”

தப்பு அவன் மேல் இல்லை. வாசலில் பதினோரு லாரி நெல் நிற்கும்போது யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஈரத்தோடு வந்த நெல் லாரியிலேயே விடிய விடிய நின்றால் சூடேறிவிடும். ஆனால் அவன் தூக்கியது கேடம்ப் எழுதிய டம்ப், எங்களிடம் இருந்த ஒரே தடயம். அடுத்த முறை அழிக்காதே, பெயரை மாற்றிக் காப்பு வட்டுக்குத் தள்ளு என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த முறை ஐந்தே நாளில் வந்தது.

அந்தக் கோப்பின் பெயரிலேயே ‘முழுமையில்லை’ என்ற குறிப்பு இருந்தது. அளவு 11 ஜிபிக்குக் கொஞ்சம் மேல்; ரூட் வட்டில் காலியாக இருந்த இடம் முழுவதும். நிலை 31-இல் தூற்றி, அழுத்திச் சுருக்கிய டம்ப் இந்தச் சர்வரில் 1 ஜிபியைத் தாண்டாது. ஐப்பசியில் இதை நிறுவியபோது நானே வேண்டுமென்று பேனிக் ஆக்கிப் பார்த்திருக்கிறேன். டம்ப் ஒழுங்காகக் காப்பு வட்டில் வந்து உட்கார்ந்தது. இப்போது இரண்டு கேள்விகள்: ஏன் காப்பு வட்டில் எழுதாமல் ரூட்டில் எழுதியது? ஏன் தூற்றாமல் அப்படியே கொட்டியது?

வட்டின் மேல் விழுந்த பழி

ஐப்பசிக்கும் தைக்கும் நடுவில் என்ன மாறியது என்று பார்த்தால், ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது. மார்கழியில் காப்பு வட்டு பழுதாகி, தம்பி புதிதாக ஒன்று மாட்டினான். அதற்காகக் கேடம்ப்.கான்ஃப் கோப்பில் பழைய வட்டின் அடையாள எண்ணை (யுயுஐடி) எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக நினைத்தேன். எண் தப்பு, வட்டு கிடைக்கவில்லை, கருவி ரூட்டுக்குத் திரும்பிவிட்டது, அவ்வளவுதான் கதை என்று.

எண் சரியாக இருந்தது. எழுத்தெழுத்தாக ஒத்துப்பார்த்தேன். அதே எண்ணைக் கொடுத்துக் கையால் மவுண்ட் செய்தால் வட்டு ஏறுகிறது. சரி, இரண்டாவது கெர்னலோடு நினைவகத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸில் வட்டுக் கட்டுப்பாட்டு டிரைவர் இல்லையோ? இருந்தது. ஒதுக்கிய நினைவகம் போதவில்லையோ? 192-ஐ 256 எம்பி ஆக்கி மறுதொடக்கம் செய்தோம். மதிய உணவு வேளையில் எடையை நிறுத்திவிட்டு, கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் சிஸ்ஆர்க்யூ வழியாக ‘சி’ கொடுத்து வேண்டுமென்றே பேனிக் வரவழைத்தோம். மறுபடியும் ரூட்டில் 11 ஜிபிக் குப்பை. ஓடும் வட்டின்மேல் இதைச் செய்யும்முன் எல்லாவற்றையும் எழுதி முடிக்க சிங்க் கொடுக்க மறக்காதீர்கள். நான் முதல் முறை மறந்தேன், நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த சந்தேகம் விண்டோஸ். தம்பி கோப்பை விண்டோஸ் மடிக்கணினியில் திறந்து திருத்தியிருந்தால் வரி முடிவில் கேரியேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டிக்கொண்டிருக்கலாம். கோப்பின் தலையில் பாம் என்ற மூன்று பைட் குறி ஏறியிருக்கலாம். கட்டமைப்புக் கோப்பு காரணமில்லாமல் படுத்துக்கொண்டால் பாதிக்குப் பாதி இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஹெக்ஸில் கொட்டிப் பார்த்தேன். இரண்டும் இல்லை. பதினாறு பதினாறாகப் பைட்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்த என் கண், பின்னால் குற்றவாளி என்று தெரிந்த அந்த ஒரு பைட்டையும் பார்த்துவிட்டுத்தான் தாண்டிப் போயிருக்கிறது.

இங்கே ஒரு நாள் வீண். அடுத்த நாள் செய்ததை முதல் நாளே செய்திருக்க வேண்டும். சர்வரின் சீரியல் போர்ட்டில் மடிக்கணினியை மாட்டி, இரண்டாவது கெர்னல் பேசுவதைக் கேட்டேன். திரையில் அந்தப் பேச்சு நொடியில் மறைந்துவிடும். சீரியலில் அப்படியே பதிவாகும். கருவி சொன்னது இது: இலக்கு ரூட், சேகரிப்பு முறை வெறும் நகல். வட்டைத் தேடியதாகவோ, கிடைக்கவில்லை என்றோ ஒரு சொல்கூட இல்லை. அப்படியானால் அது வட்டு எண்ணைப் பார்த்துத் தோற்கவில்லை. அந்த வரியையே அது படிக்கவில்லை.

கோப்பு

கோப்பு மொத்தமே இவ்வளவுதான். முதல் வரி: பாத், அதன் பக்கத்தில் வர்-க்ராஷ் அடைவு. இரண்டாவது வரி, கமெண்ட்: # போட்டு மனிதர்களுக்காக எழுதுவது, கருவி அதை விட்டுவிட வேண்டும். மூன்றாவது: எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டம் வகை, புதிய வட்டின் எண். நான்காவது: நெட்வொர்க் இலக்கு. ஐந்தாவது: கோர்_கலெக்டர், அதில் மேக்டம்ப்ஃபைலும் 31-உம்.

அந்தக் கமெண்டை எழுதியவன் நான்தான். ஆலையில் யாராவது கை வைத்துவிடக் கூடாது என்று, அங்கே எல்லாருக்கும் புரியும்படி தமிழில் எழுதினேன்:

# அறுவடை முடியும்வரை இந்த வரிகளை மாற்ற வேண்டாம்

தம்பி வட்டு எண்ணை மாற்றியபோது இதையும் பார்த்திருக்கிறான். அவனுடைய அம்மா தமிழாசிரியர். வாக்கியம் முடிந்த இடத்தில் புள்ளி இல்லாதது அவனுக்கு உறுத்தியிருக்கிறது. ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிட்டுச் சேமித்தான். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை, சொல்லும் அளவுக்கு அதை ஒரு மாற்றமாகவே நினைக்கவில்லை. நான் கேட்டிருந்தாலும் ‘எண் மட்டும்தான் மாத்துனேன் அண்ணே’ என்று நேர்மையாகத்தான் சொல்லியிருப்பான்.

கருவியின் மூலநிரலை எடுத்து, படிக்கும் ஒவ்வொரு வரியையும் எண்ணோடு அச்சிடும்படி ஒரே ஒரு வரி சேர்த்து ஓட்டினேன். பாத் வரி வந்தது. அடுத்ததாகக் கமெண்ட் வந்தது, ஆனால் கடைசிச் சொல் ‘வேண்டாம்’ என்று முடியவில்லை. ‘ம’ வந்து, மேலே புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறிக் கட்டம். அதற்கடுத்த ‘வரி’யில் தன்னந்தனியாக ஒரு முற்றுப்புள்ளி. அதோடு அச்சு நின்றுவிட்டது. மேலே ஒரு புள்ளி தொலைந்திருந்தது, கீழே ஒரு புள்ளி அநாதையாக நின்றது.

மரக்கால் கணக்கு

நிரல் கோப்பைப் படிக்கும் வேலையை, சி மொழியில் வரி படிக்கும் எஃப்கெட்ஸிடம் கொடுத்திருந்தது, 128 பைட் கொள்ளளவுள்ள பாத்திரத்தோடு. முடிவுக் குறிக்கு ஒரு பைட் போக, ஒரு முறைக்கு 127 பைட் அள்ளும். வரி அதற்குள் முடிந்தால் வரி முடிவோடு நிறுத்தும். முடியாவிட்டால் மீதியை அடுத்த அள்ளலுக்கு விட்டுவிடும். களத்தில் மரக்காலால் நெல் அளப்பதுபோலத்தான். எந்த வயல் நெல் என்று மரக்காலுக்குத் தெரியாது, நிறைந்தால் தட்டிவிட்டு அடுத்ததை அளக்கும். முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று எண்ணத் தொடங்குவார்கள். எங்கள் கமெண்டின் லாபத்தில் தலையில் # இருந்தது; கருவி அதைக் கமெண்ட் என்று அறிந்து விட்டுவிட்டது. ரெண்டாவது மரக்காலில் அந்த # இல்லை. அதற்கு அது புது வரி.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அந்த வாக்கியத்தில் நம் கண்ணுக்கு 24 எழுத்து. யூனிகோடுக்கு ‘று’ என்பது ஓர் எழுத்தல்ல. ‘ற’ ஒன்று, உகரக் குறி ஒன்று. ‘ம்’ என்றால் ‘ம’ ஒன்று, புள்ளி ஒன்று. அப்படிப் பிரித்தால் 24 எழுத்து 40 குறியீடுகள் ஆகின்றன. யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 120. ஆறு இடைவெளியும் ஒரு #-உம் சேர்த்தால் 127.

சரியாக 127. மரக்கால் தலைதட்டி நிறைகிற அளவு. ஐப்பசியில் முற்றுப்புள்ளி இல்லாதபோது இரண்டாவது அள்ளலில் வந்தது வெறும் வரி முடிவு மட்டும். காலி வரி என்று கருவி அதைத் தாண்டிவிட்டது. அதனால்தான் அன்றைய சோதனை தேறியது. முற்றுப்புள்ளி சேர்ந்ததும் இரண்டாவது அள்ளலில் ‘.’ என்று ஒரு சொல் வந்தது. அப்படி ஒரு கட்டளை கருவிக்குத் தெரியாது. வாக்கியத்தில் ஓர் எழுத்து குறைந்திருந்தால் முற்றுப்புள்ளிக்கு இடம் இருந்திருக்கும்; ஓர் எழுத்து கூடியிருந்தால் ஐப்பசியிலேயே சோதனை தோற்று, அன்றே பிடிபட்டிருக்கும். நான் எழுதியது மிகச் சரியாக நடுவில் போய் நின்றது. இப்படி ஒரு தற்செயலை வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன், அதனால்தான் எண்ணிக் காட்டினேன்.

தெரியாத சொல்லைப் பார்த்துவிட்டு அமைதியாகத் தாண்டியிருந்தாலும் டம்ப் வந்திருக்கும். கருவி அங்கே பிரேக் கொடுத்து, படிப்பதையே நிறுத்திவிட்டது. அதை விட்டு அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் கன்டினியூவை எழுத நினைத்துத் தவறினாரோ என்று எனக்கு ஒரு ஐயம். நிறுத்தியதைத் தவறு என்றும் திருப்பிச் சொல்லவில்லை. ‘படித்தாயிற்று’ என்று வெற்றிக் குறியோடு திரும்பியது. சர்வர் எழும்போதெல்லாம் கேடம்ப் சேவை பச்சை நிறத்தில் தயார் என்றது. கெர்னலைக் கேட்டாலும் இரண்டாவது கெர்னல் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதற்கு அடையாளமாக 1 என்றது. அதுவும் பொய்யில்லை. ஏறியிருந்தது, ஆனால் போய் என்ன செய்வது என்ற சீட்டில் பாதி கிழிந்திருந்தது. வட்டு வரி, நெட்வொர்க் வரி, தூற்றும் வரி மூன்றும் முற்றுப்புள்ளிக்குக் கீழே. படிக்காததற்கு இயல்பு மதிப்பு: ரூட் வட்டு, முழு நகல்.

தமிழ் மேல் விழுந்த பழி

காரணத்தைச் சொன்னதும் ஆலையில் வந்த முதல் பதில், “கமெண்டைத் தூக்கிட்டு இங்கிலீஷ்ல போடுங்களேன்” என்பது. தம்பியும் கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு அதையே சொன்னான். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன், மொழிப்பற்றால் அல்ல. கமெண்டை எடுத்தால் அறிகுறி போகும், பிழை இருக்கும். நாளைக்கே நெட்வொர்க் இலக்கின் பாதை நீளமாகி 127-ஐத் தாண்டினால், அல்லது கோர்_கலெக்டர் வரியில் இரண்டு தெரிவுகள் கூடினால், அதே குழியில் விழுவோம். அப்போது வெட்டுப்படுவது கமெண்ட் ஆக இருக்காது, கட்டளையே வெட்டுப்படும்.

அவனை உட்காரவைத்துக் காட்டினேன். ஒரு #, அதன்பின் 126 முறை ஆங்கில ‘ஏ’, கடைசியில் ஒரு புள்ளி. அதே இடத்தில் அதே மாதிரி நின்றது. புள்ளியை எடுத்தால் ஓடியது. தமிழ் செய்த ஒரே குற்றம், அந்த எல்லைக்கு மும்மடங்கு வேகமாகப் போய்ச் சேர்ந்தது. 80 எழுத்துக்குள் வரியை முடிக்கும் பழக்கமுள்ள ஆங்கிலக் கைகளுக்கு 128 என்பது கடல். நமக்கு அது ஆறு சொல். ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து வடிவம் என்றிருந்த பழைய தமிழ்க் குறியேற்றமான டிஸ்கி காலத்தில் இந்த வாக்கியம் பாதிப் பாத்திரத்தைக்கூட நிறைத்திருக்காது.

அவன் அப்போதுதான் கேட்டான், “அப்ப நம்ம ஆளுங்க யாரும் இதுல இவ்ளோ நாள் மாட்டலையாண்ணே?” கட்டமைப்புக் கோப்பில் தமிழில் கமெண்ட் எழுதுகிறவர்கள் எத்தனை பேர் இருக்கப்போகிறோம்.

திருத்தம்

எளிய வழி, 128 என்பதை 1024 ஆக்குவது. செய்யவில்லை. மரக்காலைப் பெரிதாக்கினால் பிழை தள்ளிப்போகும், தீராது. எஃப்கெட்ஸை எடுத்துவிட்டு கெட்லைன் போட்டேன். யுனிக்ஸ் வகைச் சிஸ்டங்களுக்கான 2008 பாசிக்ஸ் தரத்திலேயே உள்ளது. வரி எவ்வளவு நீளமோ அவ்வளவு இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். 256 எம்பிக்குள் ஓடும் கெர்னலில் நினைவகத்தை இப்படித் திறந்துவிடலாமா என்று யோசித்தேன். கேடம்ப்.கான்ஃப் ஒரு கிலோபைட் தாண்டாத கோப்பு. அதற்குப் போய்க் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

இரண்டாவது, தெரியாத சொல் வந்தால் என்ன செய்வது. இதில்தான் எனக்கும் தம்பிக்கும் அரை மணி நேரம் வாக்குவாதம். தெரியாததைக் கண்டால் உடனே தோற்க வேண்டும் என்பது அவன் கட்சி. சேவை தொடங்கும்போது அது சரி. வரி எண்ணோடு கத்திவிட்டுச் சிவப்பாக நிற்கட்டும், பார்த்துத் திருத்த ஆள் இருக்கிறோம். ஆனால் அதே நிரல்தான் பேனிக்குக்குப் பிறகும் கோப்பைப் படிக்கிறது. வீடு பற்றியெரியும்போது பட்டாவில் எழுத்துப்பிழை என்று வாசலில் நிற்கக் கூடாது. அப்போது தெரியாத வரியைப் பதிவில் குறித்துவிட்டு மீதியைப் படித்துக்கொண்டு போக வேண்டும். கடைசியில் அப்படியே செய்தோம்: தொடக்கத்தில் கண்டிப்பு, பேனிக்கில் இளக்கம். இயல்பு மதிப்பையும் மாற்றினோம். எதுவும் சொல்லாவிட்டால் முழு நகல் என்பது போய், மேக்டம்ப்ஃபைல், நிலை 31. ரூட்டில் எழுத நேர்ந்தால் 2 ஜிபியாவது மிச்சம் வைக்கும்படி ஒரு வரம்பும் சேர்த்தோம். டம்ப் வராமல் போனதால் ஆலை நிற்கவில்லை. அரைகுறை டம்ப் ரூட்டை அடைத்ததால்தான் லாரிகள் நின்றன.

மூன்றாவது, நான் தேடாமல் கிடைத்தது. ‘வேண்டாம்’ என்பதன் மேல்புள்ளி ஏன் கேள்விக்குறிக் கட்டமானது? அள்ளியதில் கடைசி பைட் வரி முடிவாகத்தான் இருக்கும் என்று நம்பி, நிரல் அதைப் பார்க்காமலே வெட்டிக்கொண்டிருந்தது. புள்ளியின் மூன்று பைட்டில் கடைசி ஒன்று அப்படிப் போனது. கமெண்டில் போனால் போகட்டும். கோப்பின் கடைசி வரி முடிவுக் குறி இல்லாமல் நின்றால்? தம்பி அப்படி ஒரு கோப்பை உருவாக்கிப் பழைய கருவிக்கு ஊட்டினான். எங்கள் கடைசி வரி எதில் முடிகிறது என்று மேலே பார்த்தீர்கள். 31-இன் 1 வெட்டுப்பட்டு 3 ஆகிவிட்டது. தப்பான எண் என்றால் மேக்டம்ப்ஃபைல் கத்தியிருக்கும், ஆனால் 3 என்பதும் சரியான நிலைதான்: பூஜ்யப் பக்கத்தையும் கேஷையும் மட்டும் விடும், பயனர் தரவையும் காலிப் பக்கங்களையும் வாரிக்கொண்டு வரும். யாருக்கும் தெரியாமல் டம்ப் பல மடங்கு வீங்கியிருக்கும்; கொள்முதல் கணக்கின் தரவும் அதில் ஏறியிருக்கும். இப்போது கடைசி பைட் உண்மையிலேயே வரி முடிவாக இருந்தால் மட்டும் வெட்டுகிறது, அதற்கு முன்னால் கேரியேஜ் ரிட்டர்ன் இருந்தால் அதையும் சேர்த்து.

சோதனைக்கு ஏழு சிறு கோப்புகள் வைத்தோம். முதல் கோப்பு, என் பழைய கமெண்ட், முற்றுப்புள்ளியோடு.

திருத்திய கருவியைப் போட்டு, மதிய வேளையில் மறுபடி பேனிக் வரவழைத்தால், மறுபடியும் 11 ஜிபிக் குப்பை! ஒரு நிமிடம் தலை சுற்றிவிட்டது. பிறகுதான் உறைத்தது: பேனிக்குக்குப் பிறகு ஓடுவது வட்டில் இருக்கும் கருவி அல்ல, இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் கட்டி வைத்த அதன் நகல். கோப்பு மாறினால் சேவை அதைத் தானே மறுபடி கட்டும், ஆனால் எங்கள் கருவி மாறியதை அது கவனிக்காது. கையால் கட்டச் சொல்லி மறுதொடக்கம். அடுத்த பேனிக்கில் டம்ப் காப்பு வட்டில் போய் உட்கார்ந்தது, 700 எம்பிக்குக் கொஞ்சம் மேல். சீரியலில் அந்த வரிகள் ஓடியதைப் பார்த்துக் கணக்குப்பிள்ளை, “இப்ப நல்லா விழுந்துச்சா தம்பி?” என்று கேட்டார்.

விழுந்ததன் காரணம்

நான்கு நாளில் சர்வர் தானாகவே விழுந்து உண்மையான டம்பைக் கொடுத்தது. அதே பதிப்பு கெர்னலின் டீபக் கோப்பைத் தரவிறக்கி, டம்பைப் படிக்கும் க்ராஷ் கருவியில் திறந்து, எந்தச் செயல்பாடு எதை அழைத்தது என்ற அடுக்கைப் பின்னோக்கிப் பார்த்தோம். எடைமேடையின் காட்டியைச் சர்வரோடு இணைக்கும் யுஎஸ்பி-சீரியல் பெட்டிக்கு, அதை விற்றவர்கள் தந்த தனி டிரைவர். கெர்னலோடு வராத டிரைவர் என்பதற்கு அடையாளமான ‘ஓ’ குறி பேனிக் செய்தியிலேயே இருந்தது. போர்ட் திறந்திருக்கும்போது யுஎஸ்பி இணைப்பு ஒரு கணம் விட்டுப்போனால், இல்லாத இடத்தைத் தொட்டு விழுகிறது. பாரம் ஏற்றிய லாரி மேடையில் ஏறும்போது அதிர்வில் பிளக் அசைந்திருக்கிறது. அறுவடைக் காலத்தில் மட்டும் ஏன் விழுந்தது என்பதற்கும் அதுவே பதில். பெட்டியை மாற்றி, கெர்னலோடு வரும் டிரைவரே போதுமான வேறொன்று வைத்தோம். பிளக்கை ஒரு கிளிப் போட்டு இறுக்கிவிட்டான் தம்பி.

அதற்குப் பிறகு ஏழு வாரமாகச் சர்வர் விழவில்லை. நெட்வொர்க் இலக்கை மட்டும் இன்னும் சோதிக்கவில்லை. அதற்குக் காப்பு வட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பேனிக் வரவழைக்க வேண்டும். பங்குனியில் ஆலையில் பாய்லர் பராமரிப்புக்கு மூன்று நாள் நிறுத்துகிறார்கள். அன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறார் கணக்குப்பிள்ளை.